குளிரில் மூக்கு வறண்டு எரியுதா? சொட்டு மருந்தைத் தொடும் முன் இதைப் படிங்க!

காலை ஆறரை மணி. ரஜாய்க்குள் இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டுகிறீர்கள். மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் மிளகாய்த்தூள் தூவியது மாதிரி சுள்ளென்று ஓர் எரிச்சல். விரலை விட்டால் காய்ந்துபோன பொருக்கு. அதைப் பிய்த்தால் லேசாக ரத்தம். சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்துவிட்டு, படிக்கவோ வேலைக்கோ டெல்லி, நொய்டா பக்கம் போனவர்களுக்கு முதல் டிசம்பர் கொடுக்கும் வரவேற்பு இதுதான்.

நானும் ஒரு குளிர்காலத்தை டெல்லியில் ஓட்டியிருக்கிறேன். அரைகுறை இந்தியில் 'மூக்கு சரியில்லை' என்று சொன்னதும், மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் போட்டேன். வறட்சி போகவில்லை. கூடவே மூக்கடைப்பும் வந்து சேர்ந்ததுதான் மிச்சம். அது ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

வெளியே பனிமூட்டம், உள்ளே வறட்சி... எப்படி?

டெல்லியில் ஜனவரி காலையில் எதிரே வரும் ஆட்டோகூடத் தெரியாது. அவ்வளவு மூட்டம். காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது மூக்கு ஏன் காய வேண்டும்? குளிர்ந்த காற்றால் அதிகத் தண்ணீரைத் தாங்க முடியாது, அதுதான் விஷயம். 7 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 8 கிராம் அளவுக்குத்தான் நீராவியைப் பிடித்து வைக்கும். அதே காற்று அறைக்குள் வந்து, ரூம் ஹீட்டரால் 25 டிகிரிக்குச் சூடானால், அதற்கு 23 கிராம் வரை கொள்ளளவு இருக்கும். ஆனால், உள்ளே இருப்பது அதே 8 கிராம்தான். அதாவது மூன்றில் ஒரு பங்கு. மீதியை அந்தக் காற்று எங்கிருந்தாவது உறிஞ்சத்தான் பார்க்கும். உங்கள் உதடு, தோல், மூக்கு எல்லாம் அதற்கு இளிச்சவாய்கள்.

இதில் மூக்குக்குத்தான் வேலை அதிகம். நாம் இழுக்கும் காற்று நுரையீரலைத் தொடும் முன்பு, உடம்பின் சூட்டுக்கு, அதாவது சுமார் 37 டிகிரிக்கு வர வேண்டும். ஈரமும் கிட்டத்தட்ட 100 சதவிகிதம் ஏற வேண்டும். அந்த ஈரத்தில் பெரும்பகுதியை மூக்கின் உள்சவ்வுதான் தருகிறது. ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினால் சவ்வு காய்ந்து, சளி கெட்டியாகி, பொருக்கு தட்டி, வெடிப்பு விடுகிறது. இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறதல்லவா, அதன் முன்பகுதியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஒன்றுகூடும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் 'சில்லு மூக்கு உடைஞ்சிருச்சு' என்பார்களே, அந்த ரத்தம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. விரல் நகம் சரியாகப் போய்ப் படும் இடமும் அதுவேதான்!

முதலில் ஈரம், அப்புறம் பூச்சு

மெடிக்கல் ஷாப்பில் கேட்க வேண்டியது 'சலைன் நேசல் ஸ்ப்ரே'. வெறும் உப்புத் தண்ணீர்தான்; மருந்து எதுவும் கலக்காதது. தினமும் பல தடவை அடிக்கலாம், பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். அடிக்கும்போது வலது துவாரத்துக்கு இடது கையையும், இடது துவாரத்துக்கு வலது கையையும் பயன்படுத்துங்கள். அப்போது ஸ்ப்ரேயின் முனை தானாகவே காது பக்கமாகத் திரும்பிவிடும். நடுச்சுவரில் நேராகப் பீய்ச்சினால் புண் இன்னும் எரியும். பொருக்கை எடுத்தே தீர வேண்டும் என்றால் ஸ்ப்ரே அடித்துச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, மெதுவாகச் சிந்துங்கள். காய்ந்த நிலையில் நோண்டினால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணையும் சேர்த்துப் பிய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஈரம் கொடுத்த பிறகு அது ஆவியாகாமல் ஒரு மூடி போட வேண்டும். தண்ணீர் அடிப்படையிலான நேசல் ஜெல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால், பெட்ரோலியம் ஜெல்லியைப் பயறு அளவு எடுத்து, துவாரத்தின் வாசலில் மட்டும் தடவுங்கள். ஆழமாக வேண்டாம், படுக்கப்போகும் நேரத்திலும் வேண்டாம், மாதக்கணக்கிலும் வேண்டாம். எண்ணெய்ப் பசை கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரலாம். ஊரில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் உண்டே, அதைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்பது இதனால்தான். பாட்டியிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, ஸ்ப்ரேக்குக் காசு கொடுப்பானேன், வீட்டிலேயே உப்புக் கரைத்து மூக்கைக் கழுவலாமே என்று தோன்றும். கழுவலாம். ஆனால், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றில் இறந்துபோனார்கள். கேரளாவில் சமீப வருடங்களாகச் செய்திகளில் அடிபடுகிறதே, அந்த அமீபா வகையறாதான். அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்தத் தொற்று வராது. மூக்கு வழியாகப் போனால்தான் வினை. மிக அரிது. ஆனால், வந்தால் பிழைப்பது கடினம் என்பதால் இதில் மட்டும் சோம்பல் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடங்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே மூன்று நிமிடம். அரை லிட்டருக்குத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு போதும்.

அறையையும் கவனிங்க

ஹீட்டரை இரவு முழுக்க ஓடவிடாமல், தூங்கும் முன் அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுங்கள். மீதிக் குளிருக்கு ரஜாய் இருக்கிறது. பி.ஜி அறைகளில் ஹீட்டருக்கு எதிரே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருப்பார்கள். அது சின்னப் பரப்பு, பெரிதாக ஆவியாகாது. அதைவிட, நனைத்துப் பிழிந்த துண்டை நாற்காலியில் விரித்துப் போடுவது மேல். ஆனால், ஹீட்டரை ஒட்டியோ அதன் மேலேயோ போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும். ஹியூமிடிஃபயர் வாங்கினால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவிகிதத்தில் இருக்கட்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சையை நீங்களே காற்றில் தெளித்த மாதிரி ஆகிவிடும். பைக்கில் போகும்போது மாஸ்க்கோ மஃப்ளரோ மூக்கை மூடியிருந்தால், வெளிவிடும் மூச்சின் ஈரம் அடுத்த மூச்சுக்குத் திரும்பக் கிடைக்கும். காசு செலவில்லாத வைத்தியம்!

அந்தச் சொட்டு மருந்து...

எனக்குக் கொடுத்தது ஆக்ஸிமெட்டாசோலின் வகை மருந்து. சைலோமெட்டாசோலினும் இதே கூட்டம்தான். சளி பிடித்து மூக்கடைத்தால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வழிவிடும். வறண்ட மூக்குக்கு இதனால் பயன் இல்லை, இன்னும் காய வைக்கும். மூன்று, நான்கு நாட்களைத் தாண்டினால் மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். அதற்காகத் திரும்பப் போடுவோம், திரும்ப அடைக்கும். வாங்கும் முன் லேபிளில் இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். மென்தால், கற்பூரம் கலந்த தைலத்தை மூக்குக்குள் தடவுவதும் அப்படித்தான். ஜில்லென்ற உணர்வு மட்டுமே கிடைக்கும், ஈரம் வராது, புண்ணுக்கும் ஆகாது.

ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டாம். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். உட்கார்ந்து லேசாக முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். வாயால் மூச்சு விடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். 'நின்னுருச்சா' என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை என்றாலோ, நீங்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

துவாரத்துக்குள் வலியோடு கொப்பளம் வந்தால் பிதுக்காதீர்கள். மூக்கு நுனி சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தமோ நாற்றமோ இருந்தால், கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயினும், தும்மலுக்குப் போடும் சில அலர்ஜி மாத்திரைகளும் மூக்கைக் காய வைக்கும். பரு மாத்திரையை எல்லாம் மூக்கு டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்று நிறைய பேர் அதை விட்டுவிடுகிறோம்.