எந்த மாசத்துக் கூலி?

2023ஆம் ஆண்டு ஆடி மாதம். மகளிர் உரிமைத்தொகைக்கான முகாம் தொடங்கியிருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பெயர், வயது, ரேஷன் கார்டு எண் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். உப்பளத்துக்குப் போகும் ஒரு அக்காவின் படிவத்தில்தான் பேனா நின்றது.

"தம்பி, வருச வருமானம்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன எழுத?"

பக்கத்தில் இருந்தவர் சட்டென்று வழி சொன்னார். "மாசம் எவ்வளவு வரும்? அதைப் பன்னிரண்டால பெருக்கிப் போடு, முடிஞ்சுது."

அக்கா சிரித்தார். "எந்த மாசத்துக் கூலியப் பெருக்க? ஐப்பசி, கார்த்திகைல அளம் தண்ணிக்குள்ளல்லா கெடக்கும்!"

திட்டத்தின் வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். கணக்குக்காக நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புருசன், பெண்டாட்டி இருவரும் மாதம் 26 நாள் அளத்துக்குப் போனால் 26,000 ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால் 3,12,000. அந்தக் குடும்பம் வரம்புக்கு வெளியே. வேலை நடக்கிற ஒன்பது மாதத்தால் பெருக்கினால் 2,34,000. வரம்புக்கு உள்ளே. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே உழைப்பு. எந்த மாதத்தைப் பிடித்துப் பெருக்குகிறோம் என்பதில்தான் மாதம் ஆயிரம் ரூபாய் தொங்குகிறது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கூலி எந்த நாளில் கைக்கு வருகிறது என்பதும், அரசு ஒருவரை ஏழை என்று எந்த நாட்களை வைத்து முடிவு செய்கிறது என்பதும் எப்போது முட்டிக்கொள்ள ஆரம்பித்தன? தூத்துக்குடிக் கரையிலேயே இதற்கு நீண்ட கதை இருக்கிறது.

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலேய அரசு நடத்திய காலத்தில் இங்கே குளிப்பவர்களுக்கு ரொக்கக் கூலி கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு, மீதி அரசுக்கு. அரசு தன் பங்கை ஏலம் விடும். குளித்தவர் தன் பங்கைக் கரையிலேயே வியாபாரியிடம் விற்றுக் காசாக்குவார். உழைத்த நாளும் கூலி நாளும் ஒன்றே. ஆனால் அந்த வரவு சில வாரங்களுக்குத்தான். பார்களில் சிப்பி விளையாத வருடங்களில் குளிப்பே இல்லை. 1928க்குப் பிறகு அடுத்த குளிப்பு நடந்தது 1955இல். அந்த வரிசை 1961உடன் முடிந்தது. 1961இல் நல்ல பங்கு கிடைத்த ஒருவரிடம் போய் "உங்கள் மாத வருமானம் என்ன?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மாசி, பங்குனி வரவைப் பன்னிரண்டால் பெருக்கினால் அவர் செல்வந்தர். அடுத்த வருடத்தைப் பார்த்தால் முத்து வகையில் ஒரு காசு வரவில்லை. கடல் அவருக்கு மாதக் கணக்கில் படியளக்கவில்லை.

மாதம் என்ற அளவு ஆலையோடு வந்தது. ஹார்வி சகோதரர்களின் கோரல் மில்லில் சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மறு சங்குக்கு வெளியே வர வேண்டும். 1908 பிப்ரவரி 27 அன்று அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் முக்கியமான கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். அன்றாடம் கூலியை நம்பி அடுப்பு எரியும் வீடுகளில் வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும்? ஊரில் பணம் திரட்டி அவர்களுக்குச் சோறு போட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.

கூலி எவ்வளவு என்ற சண்டைக்குப் பின்னால் எப்போது என்ற சண்டையும் இருந்தது. மாதம் முழுக்க உழைத்துவிட்டு அடுத்த மாதம் பாதி கழிந்து சம்பளம் வாங்கினால், இடையில் கடைக்காரனிடமும் வட்டிக்காரனிடமும்தான் போய் நிற்க வேண்டும். விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன் வழியில் 1936இல் கூலி வழங்கல் சட்டம் வந்தது. கூலிக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைவான இடங்களில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், பெரிய இடங்களில் 10ஆம் தேதிக்குள் சம்பளம் தந்துவிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். நாம் இன்றும் சொல்கிற 'ஏழாந்தேதி சம்பளம்' இப்படித்தான் சட்டத்தில் ஏறியது.

சட்டம் முதலாளியின் காலண்டரை ஒழுங்குபடுத்தியது. அரசு உதவியின் காலண்டரை யார் ஒழுங்குபடுத்துவது?

இதற்குத் தெளிவான உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. 2012 சட்டத்தின் கீழ் அங்கே 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற உதவித்தொகை வந்தது. விண்ணப்பித்த தேதியிலிருந்து மாதம் மாதமாக வெட்டி, அந்தத் துண்டுக்குள் எவ்வளவு சம்பளம் வந்தது என்று கணினி பார்க்கும். வேலைக்குப் போகும் நான்கு தனித்தாய்களுக்கு இதில் சிக்கல் வந்தது. சம்பளத் தேதி சனி, ஞாயிறில் விழுந்தால் முதலாளி ஓரிரு நாள் முன்னதாகவே பணத்தைப் போட்டுவிடுவார். உடனே ஒரு துண்டுக்குள் இரண்டு சம்பளம், அடுத்த துண்டில் ஒன்றுமே இல்லை. இரட்டைச் சம்பள மாதத்தில் உதவி சரிந்தது. சம்பளமே பதியாத மாதத்தில், பிள்ளை வளர்ப்போருக்கு சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடும் சலுகை வீணாகப் போனது. உழைப்பிலும் ஊதியத்திலும் மாற்றமே இல்லாமல் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு நட்டம். 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு சம்பளத்தை அடுத்த துண்டுக்கு நகர்த்தலாம் என்று அந்த ஆண்டு நவம்பரில் விதி திருத்தப்பட்டது. ஆனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்கும் இன்னொருவரின் வழக்கு 2021இல் அதே நீதிமன்றத்தில் தோற்றது. வருடத்தில் 13 சம்பளம், 12 மாதத் துண்டு. ஒரு துண்டில் இரண்டு விழத்தான் செய்யும்.

நம் ஊரில் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்த திட்டம் ஒன்று உண்டு. 1948இன் சட்டத்தில் பிறந்த இ.எஸ்.ஐ. 2017 ஜனவரியிலிருந்து அதன் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஆண்டை அது இரண்டு சந்தாக் காலமாகப் பிரிக்கிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. சந்தாக் காலம் தொடங்கியபின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும்வரை தொழிலாளி திட்டத்துக்குள்தான். 20,500 வாங்கும் ஒருவருக்கு மே 1 முதல் 21,500 ஆனால், செப்டம்பர் வரை சந்தா பிடிப்பார்கள். 78 நாள் சந்தா இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகைக்கு உரிமை உண்டு. அதே உயர்வு ஏப்ரல் 1 அன்றே வந்தால் அந்த ஆறு மாத உரிமை கிடையாது. ஆகவே ஓரம் இங்கேயும் இருக்கிறது. ஆனால் ஒரு மாதச் சம்பளம் ஏறி இறங்கினால் ஆளை வெளியே தள்ளாது. நின்று, ஆறு மாதத்தைப் பார்க்கிறது.

கடலோரத் திட்டங்களில் இன்னொரு வழி தெரிகிறது. வருமானத்தைத் துருவாமல் காலத்தைப் பார்ப்பது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 நாளானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகு கரையில் நிற்கிறது என்றால் பங்கு இல்லை என்று அரசுக்கே தெரியும், அதனால் அந்த நாட்களுக்கு நிவாரணம். 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்ட, மத்திய மாநில அரசுகள் தலைக்கு 1,500 சேர்த்து, மீன் குறையும் மாதங்களில் 4,500ஆகத் திருப்பித் தருகிறார்கள். உப்பளத் தொழிலாளருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் தருவது 2022இல் தொடங்கியது.

அதாவது, ஐப்பசியில் அளத்தில் வேலை இல்லை என்பதை ஒரு துறை ஒப்புக்கொண்டு பணம் தருகிறது. இன்னொரு திட்டத்தின் படிவத்தில் அதே ஐப்பசிக்கும் கூலி வந்ததாகப் பெருக்கச் சொல்கிறார் பக்கத்தில் நிற்பவர். விதி அப்படிச் சொல்லவில்லை. வருட வருமானம் என்றுதான் கேட்கிறது. பன்னிரண்டு நம் மண்டைக்குள் இருக்கிறது. மாதச் சம்பளக்காரன் எழுதும் படிவத்தில் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்களாகிவிடுகிறார்கள்.

வருடம் முழுவதையும் பார்த்தாலும் ஒரு குறை உண்டு. கையில் காசில்லாத கார்த்திகையை அது காட்டாது. அதற்குத்தான் பருவகால நிவாரணம் வேண்டும். தகுதிக்கு வருடக் கணக்கு, பணம் தருவதற்குப் பருவக் கணக்கு என்று இரண்டும் சேர்ந்தால்தான் இந்தக் கரைக்குச் சரிவரும். அந்தப் பணமும் வேலை இல்லாத நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். தடை முடிந்து படகு கடலுக்குப் போனபிறகு வருகிற நிவாரணம் கடையில் ஏறிய கடனின் வட்டிக்குத்தான் போகும்.

அக்காவிடம் உட்கார்ந்து மாதம் மாதமாகக் கேட்டேன். எந்த வாரம் வேலை ஆரம்பித்தது, எப்போது நின்றது, மழையில் வாங்கிய முன்பணம் எவ்வளவு. "அது கடன்லா தம்பி, வருமானமா?" என்றார். சரிதான். அதைச் சேர்க்கவில்லை. வேலை செய்த நாட்களை மட்டும் கூட்டினேன். வரம்புக்குள் நின்றது. அதைத்தான் எழுதினேன்.

ஆவணிக் கடைசியில் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. காட்டிவிட்டு, "அந்த மழைக்கால ஐயாயிரம் எப்பம் போடுவாங்கன்னும் பாத்துச் சொல்லு தம்பி. ஐப்பசிக்கு முந்தி வந்தாத்தான் உதவும்" என்றார்.