மின்சார சைக்கிள் பேட்டரி (வீட்டில் கட்டுவது)

தனித்தனி லித்தியம்-அயனி செல்களை இணைத்து ஆர்வலர்கள் சொந்தமாகக் கட்டும் மின்தொகுப்பு. பெரும்பாலும் பயன்படுவது 18650 செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்ற அளவே பெயராகிவிட்டது. கடைசிச் சுழி உருளை வடிவைக் குறிக்கும்.

ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதும் ஏறினால் 4.2. கடைக்காரர் '48 வோல்ட்' என்பது 13 செல் தொகுதிகளைத் தொடராக இணைத்தது. உண்மையில் 46.8 வோல்ட்தான், முழு மின்னேற்றத்தில் 54.6. சார்ஜர் முதலில் மாறாத மின்னோட்டத்தைத் தரும்; 54.6 வோல்ட்டை எட்டியதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டம் தேயும்வரை காத்திருக்கும். பழைய ஈய-அமில பேட்டரியின் சார்ஜரை இதில் மாட்டுவது விஷப்பரீட்சை.

செல்களைச் சால்டரிங் செய்வதைத் தவிர்ப்பார்கள், அந்தச் சூடு உள்ளிருக்கும் பிரிப்பான் படலத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் கண்காணித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிப்பது பி.எம்.எஸ். எனும் மின்சுற்றுப் பலகை. செலவை மிச்சம்பிடிக்க இதை விட்டுவிடுபவர்களும் உண்டு.

பழைய லேப்டாப்களிலிருந்து பிரித்தெடுத்த செல்கள் மலிவு. ஆனால் ஒவ்வொன்றின் கொள்ளளவும் வேறு. நலிந்த தொகுதி முதலில் வற்றி, மற்றவற்றின் சுமையில் மேலும் கெடும். தீ விபத்துகள் பெருகியதால் நியூயார்க் நகரம் 2023-இல், பயன்படுத்திய பேட்டரிகளின் செல்களைக் கொண்டு புதிய தொகுப்பு கட்டுவதைச் சட்டத்தால் தடை செய்தது.