அடைப்புக்குறிக்குள் ஓர் அதிகாரி

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கண்காணிப்பாளர் ஓய்வுபெற்ற பிறகு அந்த நாற்காலியில் நாலு வருஷம் உட்கார்ந்தார். கையெழுத்துக்குக் கீழே 'கண்காணிப்பாளர் (பொறுப்பு)' என்று முத்திரை. சம்பளம் மட்டும் உதவியாளருக்கு உரியது. "கேட்டா உள்ளதும் போயிடும்டா" என்பார். அந்த அடைப்புக்குறிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

காலனிய அரசு வகுத்த அடிப்படை விதிகள் 1922 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தன. மைய அரசு ஊழியர்களுக்கு இன்றுள்ள வடிவில் அதன் 49ஆம் விதி உழைப்பை இரண்டாகப் பிரிக்கிறது. அதே அலுவலகத்தில் மேல்பதவியின் முழுப் பொறுப்பை முறையான ஆணை மூலம் கூடுதலாகத் தந்தால் அந்தப் பதவிக்குரிய சம்பளம் உண்டு. 'அன்றாடப் பணிகளைக் கவனிக்கவும்' என்று எழுதிவிட்டாலோ, எத்தனை காலம் பார்த்தாலும் கூடுதலாக ஒரு பைசா கிடையாது. ஆக, கூலியைத் தீர்மானிப்பது உழைப்பல்ல, ஆணையின் வாசகம். அந்த வாசகத்தை எழுதுகிற பேனா அரசின் கையில் இருக்கிறது.

உச்சநீதிமன்றமும் ஒரே குரலில் பேசவில்லை. மேல்பதவியின் வேலையைப் பார்ப்பது பதவி உயர்வாகாது, பொறுப்புப் படிதான் கிடைக்கும் என்றது 1991இல். 1998இல், அந்தமானில் சாரணர் செயலாளர் வேலையைப் பார்த்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பதவி உயர்வு இல்லை, ஆனால் பார்த்த காலத்துக்குச் செயலாளர் சம்பளம் உண்டு என்றது. அதே ஆண்டு சண்டிகர் வழக்கு இன்னும் முக்கியமானது. மேல்பதவியின் பலன்களைக் கேட்க மாட்டேன் என்று ஒரு பொறியாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒப்புதல் பொதுநலனுக்கு விரோதமானது, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்றது நீதிமன்றம். 2013இல் மேற்கு வங்கக் குழந்தை வளர்ச்சித் திட்ட உதவி அலுவலர்களும் மேல்பதவிச் சம்பளம் பெற்றார்கள்.

இவை வெற்றிகள்தான். ஆனால் வழக்குக்குப் போனவர்களின் வெற்றிகள். பணியிடத்தைக் காலியாகவே வைத்து, கீழே இருப்பவரை அதில் உட்காரவைத்து மிச்சம்பிடிக்கிற ஏற்பாட்டை இவை அசைக்கவில்லை. பாக்கிச் சம்பளத்தைத் தனிநபர் மனுவாகவே விட்டுவைத்தால் சங்கம் எதற்கு? காலியிடத்தை நிரப்பு, நிரப்பும்வரை முழுச் சம்பளம் கொடு என்பதல்லவா கோரிக்கையாக இருக்க வேண்டும்?

அப்பா எதிலும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் செல்லாது என்று வாதாடியிருக்கலாம். பயத்தில் மனசுக்குள் போட்ட கையெழுத்தை எந்தப் பிரிவின் கீழ் ரத்துசெய்வது?