நாம்கா சூவிலிருந்து அசல் உத்தர் வரை

ஒரு நாட்டின் சேனையை நவீனமாக்குதல் என்றால் புதிய துப்பாக்கியும் புதிய டாங்கியும் வாங்குதல் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். சர்க்கார் அறிக்கைகளிலும் அச்சொல்லை அடுத்து ஆயுதப் பட்டியல் ஒன்று தவறாமல் வரும். அவற்றைத் தமிழில் பெயர்க்கும் தொழிலுடையவன் ஆதலால் இதனை நன்கறிவேன். பாரத சேனையின் நான்காம் டிவிஷனுடைய வரலாறு இப்பொருளை வேறு விதமாக விளக்குகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் கெரனிலும் மான்டி காசினோவிலும் பொருது புகழெய்திய டிவிஷன் இது. செங்கழுகு அதன் சின்னம். சுதந்திரத்திற்குப் பின் அம்பாலாவில் தங்கிப் பஞ்சாபின் சமவெளிப் போருக்கே பயின்று வந்தது. குடியிருப்புகள் போதாமையால் சிப்பாய்களே கொத்து வேலை செய்து வீடுகள் எழுப்பியதும் அங்கேதான். 1959-ஆம் ஆண்டின் இறுதியில் இப்படை வடகிழக்கு எல்லைப்புற ஏஜென்ஸிக்கு, அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்திற்கு, அனுப்பப்பட்டது. சமவெளிக்குப் பழகிய சேனையின் முன் இமயம் நின்றது. எல்லைப்புறச் சாலைகளுக்கென்று தனி நிறுவனம் தோன்றியதே 1960 மே மாதத்தில்தான்.

1962 அக்டோபரில் இந்த டிவிஷனைச் சேர்ந்த 7-ஆம் பிரிகேட் நாம்கா சூ என்னும் சிற்றாற்றின் கரையில் நிறுத்தப்பட்டது. சாலை தவாங்கோடு முடிந்தது. அப்பால் நாட்கணக்கில் நடை. உணவும் தோட்டாவும் விமானங்களிலிருந்து பாரசூட் மூலம் இறக்கப்பட்டன; அவற்றில் பெரும்பகுதி பள்ளங்களில் விழுந்து கைக்கெட்டாது போயிற்று. பனியிலே பலர் பருத்தி உடுப்போடு நின்றனர். கையில் இருந்ததோ, ஒவ்வொரு முறையும் தாழை இழுத்துச் சுட வேண்டிய .303 துப்பாக்கி. அக்டோபர் 20 விடியலில் சீனத் துருப்புகள் தாக்கின. சில மணி நேரத்தில் பிரிகேட் சிதைந்தது. அதன் தலைவர் ஜான் தால்வி பின்னர்ச் சிறைப்பட்டார். நவம்பரில் சே லாவும் போம்டி லாவும் கைவிட்டுப் போயின.

துப்பாக்கி பழையது, ஆதலால் தோற்றோம் என்பது எளிய விடை, பாதி விடையுங்கூட. இத்தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் ஆகியோரின் அறிக்கையை அரசு வெளியிடவில்லை. எனினும் ராணுவ மந்திரி ஒய். பி. சவான் 1963 செப்டம்பர் 2 அன்று லோக்சபையில் அதன் சாரத்தைக் கூறினார். அடிப்படைப் பயிற்சி குறையற்றதே. சீனரின் போர்முறைக்கும் மலைக்களத்திற்கும் உரிய தனிப் பயிற்சிதான் இல்லை என்பது அதில் ஒரு முக்கியமான முடிவு. தளவாடக் குறையும் தலைமையின் குறையும் அதனுடன் சேர்ந்தே பேசப்பட்டன.

பின்னர் வேலை விரைந்து நடந்தது. 8,25,000 பேர் கொண்ட சேனை, அதில் 10 மலை டிவிஷன்கள் என்பது 1964-இல் வகுத்த திட்டம். மலை டிவிஷனில் வண்டிகள் குறைவு. கோவேறு கழுதைகளும், கழற்றிச் சுமக்கத்தக்க இலகுவான பீரங்கிகளும் மிகுதி. .303-க்குப் பதிலாக 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி இஷாப்பூரில் உற்பத்தியாகத் தொடங்கியது. புதிய அதிகாரிகளைப் பயிற்ற 1963-இல் சென்னையிலும் பூனாவிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. நான்காம் டிவிஷனும் மலை டிவிஷனாக மாற்றியமைக்கப்பட்டது.

ஆனால் அடுத்த சோதனை மலையில் வரவில்லை. 1965 செப்டம்பரில் அதே டிவிஷன் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் போரிட நேர்ந்தது. முதலிரு நாட்களில் அதன் தாக்குதல் கைகூடாமல் அசல் உத்தர் கிராமத்தருகே பின்வாங்கிற்று. எதிரே பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷன். அதன் பலம் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள். (பெயர் பாட்டன் ஆயினும், நம் பக்கமிருந்த ஷெர்மனைவிட இளையது அதுவே.) டிவிஷன் தலைவர் குர்பக்ஷ் சிங் நிலத்தையே ஆயுதமாக்கினார். வாய்க்கால்களை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சினர். உயர்ந்து நின்ற கரும்பினிடையே, லாட வடிவில், பிரிகேடியர் தியாகராஜின் சென்சூரியன் டாங்கிகளும் ஜீப்புகளில் பொருத்திய பின்னுதையாப் பீரங்கிகளும் மறைந்து நின்றன. செப்டம்பர் 8 முதல் 10 வரை பாட்டன்கள் அந்த லாடத்துள் நுழைந்து சேற்றில் தடுமாறின. ஜீப்பிலிருந்து பல டாங்கிகளை வீழ்த்திய அப்துல் ஹமீது களத்திலேயே மாண்டார். பரம வீர சக்கரம் அவருக்கு மறைவிற்குப் பின் அளிக்கப்பட்டது. அழிந்தவையும் பிடிபட்டவையும் 97 டாங்கிகள் என்பது இந்தியத் தரப்புக் கணக்கு.

மூன்றாண்டுகளுக்கு முன் களத்தை அறியாமல் சிதைந்த டிவிஷன், இம்முறை களத்தைத் தானே தெரிந்தெடுத்துக்கொண்டது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965 டிசம்பரில். அதற்குள் அசல் உத்தரில் போர் ஓய்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.