ஓட்டுநரின் கவனமும் காயம்பட்டவரின் உரிமையும்

இந்தியாவில் வாகனம் மோதிக் காயமுற்றவர் இன்று அணுகும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வேர், மோட்டார் வாகனமே இல்லாத காலத்துச் சட்டச் சிக்கல் ஒன்றில் இருக்கிறது. ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில், பிறர் தவறால் காயமடைந்து உயிர் தப்பியவர் வழக்குத் தொடுக்கலாம். அவர் இறந்துவிட்டாலோ, வழக்குரிமையும் அவரோடு மடிந்துபோகும். காயப்படுத்துவதைவிடக் கொன்றுவிடுவதே தவறிழைத்தவருக்குச் செலவு குறைந்தது என்றாகிய இந்த விபரீதத்தை, இருப்புப்பாதை விபத்துகள் பெருகிய 1846-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீக்கியது. அதையே அடியொற்றி இங்கு 1855-இல் இயற்றப்பட்ட உயிரிழப்பு விபத்துகள் சட்டம், இறந்தவரின் வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காக வழக்காட வழிசெய்தது.

உரிமை கிடைத்ததே தவிர, அதைக் காசாக்குவது எளிதாக இருக்கவில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் கோரும் தொகைக்கேற்பக் கட்டணம் செலுத்தி வழக்காடி வென்றாலும், ஒற்றை லாரியை நம்பிப் பிழைக்கும் உரிமையாளரிடமிருந்து பணம் தேறுமா என்பது ஐயமே. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் எட்டாம் அத்தியாயத்தில் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது வாகனத்தால் வெளியாருக்கு நேரும் தீங்குக்கு ஈடுசெய்யும் காப்பீட்டை, கட்டாயமாக்கியது. ஆனால் அவ்வத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. தனித் தீர்ப்பாயங்களுக்கு இடமளித்ததோ 1956-ஆம் ஆண்டுத் திருத்தம். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் ‘எம்.சி.ஓ.பி.’ என்றே வழங்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள் இந்தத் திருத்தத்தின் வழிவந்தவை. சென்னையில் அவற்றைச் சிறுவழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது.

காப்பீடு வந்த பின்னரும் ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை காயம்பட்டவர் மீதே இருந்தது. ஓட்டுநர் தூங்கினாரா, பேச்சில் மூழ்கினாரா, பீடி பற்றவைத்தாரா என்பதைச் சட்டம் தனித்தனியே வகைப்படுத்தவில்லை. சாலையில் செலுத்த வேண்டிய கவனத்தைச் செலுத்தத் தவறினார் என்பது போதும். அதை எந்த அளவுக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழகத்திலிருந்து சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில், 1980-இல், உச்ச நீதிமன்றம் விடை கூறியது. இருட்டிய பிறகு சென்றுகொண்டிருந்த ஒரு பேருந்தின் முன்னே உயரழுத்த மின்கம்பி தாழ்ந்து தொங்கியது. பயணிகள் கூச்சலிட்டும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் அதை நோக்கியே செலுத்தினார். பாதிக்கப்பட்ட 26 பேரில் 8 பேர் அங்கேயே மாண்டனர். குற்றவியல் நீதிமன்றம் இதைத் தெய்வச் செயல் என்று கருதி ஓட்டுநரை விடுதலை செய்தது. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் அந்த விடுதலையைப் பொருட்படுத்தாமல் இழப்பீடு வழங்கியதை ஏற்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், எங்கோ ஒரு சிறு ஐயம் இருப்பதைக் காட்டி உரிமையாளர்கள் பொறுப்பிலிருந்து நழுவ விடலாகாது எனத் தீர்ப்பாயங்களை எச்சரித்தார். குற்ற வழக்கில் ஐயத்திற்கிடமற்ற சான்று தேவை. இழப்பீட்டு மனுவிலோ இப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்ற நிகழ்தகவு மேலோங்கினால் போதும். முதல் தகவல் அறிக்கை, சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மருத்துவமனையின் காயச் சான்று ஆகிய எளிய தாள்கள் இன்றும் வழக்கைத் தாங்கி நிற்பது இந்த வேறுபாட்டினால்தான்.

தவறை மெய்ப்பிக்காமலே ஒரு தொகை பெறும் முறை 1982-இல் நுழைந்தது. அன்று மரணத்திற்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்திற்கு ரூ.7,500. 1988-ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தமும் அத்தொகைகளை உயர்த்தின. 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி மரணத்திற்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்திற்கு ரூ.2.5 லட்சம், ஆனால் இதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் உரிய நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டவரின் தீர்ப்பாய மனு காலாவதியாகிவிடும். கவனக்குறைவை மெய்ப்பித்துப் பெறும் இழப்பீட்டுக்கு அத்தகைய உச்சவரம்பு கிடையாது; வருமான இழப்பை வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்கிக் கணக்கிடும் முறையை 2009-இல் சரளா வர்மா வழக்கு ஒழுங்குபடுத்தியது. ஆகவே, ஆண்டு வருமானம் ஓரளவு உள்ள இளவயதினர் விரைவில் கிடைக்கும் தொகைக்காக முழு உரிமையையும் கைவிடுவது பெரும்பாலும் நட்டக் கணக்கே.

கையடக்கத் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்தியபடி ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டுதல் என்னும் குற்றத்தில் வெளிப்படையாகச் சேர்த்ததும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தமே. அதற்கான அபராதம் அரசுக்குச் சேருமேயன்றிக் காயம்பட்டவருக்கு அன்று. எனினும் சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் தீர்ப்பாயத்துக்கும் உண்டு என்பதால், விபத்து நேரத்து அழைப்புப் பதிவுகளை வரவழைக்குமாறு அவர் கோரலாம்.

மனுவுக்கான காலவரையறையின் கதைதான் விசித்திரமானது. முதலில் 60 நாள், பின்னர் ஆறு மாதம் என்றிருந்ததை 1994-இல் அறவே நீக்கிய நாடாளுமன்றம், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறு மாதக் கெடுவை மீண்டும் கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொடை எலும்பு முறிந்து உள்ளே தகடு பொருத்தப்பட்டவரின் ஊன அளவு அதற்குள் உறுதிப்படாமலே போகலாம். அத்தகையவர் மனுவை முதலில் பதிந்துவிட்டு, ஊனச் சான்றை விசாரணையின்போது தாக்கல் செய்வதே தக்கது.