இருபது பவுனும் இத்தாலியும்

எங்கள் தெருக்கோடி வீட்டில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி என்றால் அவனுக்குத் தூக்கம் கிடையாது. இங்கிலாந்தில் நடக்கும் கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சிவந்த கண்களோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, உலகத்திலே உள்ள பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இங்கிலாந்துக்கு வரத்தான் துடிக்கிறார்கள். இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் அதற்கு அப்புறந்தான்" என்றான்.

"இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தை விட்டு இத்தாலிக்குப் போக மாட்டோமா என்று இங்கிலீஷ் ஆட்டக்காரர்கள் ஏங்கிய காலமும் உண்டு. அது தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

பையன் நம்பவில்லை. அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கால்பந்தாட்டத்துக்குத் தாயகம் என்று பெருமை பேசிக் கொள்ளும் அந்தத் தேசத்தில், 1901-ஆம் வருஷம் ஒரு விதி செய்தார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு நாலு பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது அந்த விதி. (நகைக் கடைப் பவுன் அல்ல, இங்கிலீஷ் நோட்டுப் பவுன்.) அந்த வரம்பு கொஞ்சங் கொஞ்சமாக உயர்ந்து, 1958-இல் இருபது பவுனில் வந்து நின்றது. கோடைக்காலத்தில் ஆட்டம் இல்லையே என்று அதிலும் மூன்று பவுன் குறைத்துக் கொண்டார்கள். 1948-49 பருவத்தில் மட்டும் அங்கே லீக் ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் நாலு கோடிக்கு மேல். அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று என்று ஆட்டக்காரர்கள் கேட்டதில் ஆச்சரியம் உண்டா?

சம்பளமாவது போகட்டும். அதைவிடப் பொல்லாதது மற்றொரு விதி. ஆட்டக்காரனுடைய ஒப்பந்தம் முடிந்து போனாலும், அவனுடைய பதிவுச் சீட்டு கிளப்பின் பெட்டியிலேயே இருக்கும். கிளப் மனமிரங்கி விடுவிக்காவிட்டால் அவன் வேறு எங்கும் ஆட முடியாது. வேலைக்கும் வைத்துக் கொள்ளாமல், வெளியேயும் விடாமல் கட்டிப் போடலாம். பண்ணையாள் முறை என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். இவன் காலில் பூட்ஸ் மாட்டியிருந்தான், அவ்வளவே வித்தியாசம்.

இந்த விதிகள் கடல் தாண்டிச் செல்லாதவை. அங்கேதான் இத்தாலிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மிலான், டூரின் நகரத்துக் கிளப்புகளுக்குப் பின்னால் பெரிய தொழிலதிபர்கள் இருந்தார்கள். டூரின் நகரத்து யுவென்டஸ் கிளப், ஃபியட் மோட்டார்க் கம்பெனியை நடத்திய அக்னெல்லி குடும்பத்தின் செல்லப் பிள்ளை. கலாப்ரியாவில் பிறந்த ஜிஜி பெரோனாச்சே என்ற சாமர்த்தியமான தரகர், இரண்டு தேசத்துக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தார்.

அவர் பிடித்துக் கொண்டு போன முதல் பெரிய மீன் ஜான் சார்லஸ். வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸியில் பிறந்தவர். லீட்ஸ் கிளப்புக்காக ஆடியவர். ஆறடிக்கு மேல் உயரம். 1956-இல் லீட்ஸ் மைதானத்தின் பெரிய பார்வையாளர் கொட்டகை தீப்பிடித்து எரிந்து போயிற்று. திரும்பக் கட்டப் பணம் வேண்டும். விற்கக் கூடிய சொத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது சார்லஸ்! 1957-இல் 65,000 பவுனுக்கு யுவென்டஸ் அவரை வாங்கியது. பிரிட்டனில் அதற்கு முன் எந்த ஆட்டக்காரனுக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. கையெழுத்துப் போட்டதற்காக அவர் கைக்கே வந்தது 10,000 பவுன். வாரம் இருபது பவுன் வீதம் கணக்குப் பார்த்தால், அதைச் சம்பாதிக்க இங்கிலாந்தில் ஐந்நூறு வாரம் ஆட வேண்டும். ஏறக்குறையப் பத்து வருஷம்.

முதல் வருஷமே 28 கோல் போட்டு, இத்தாலியிலேயே அதிகக் கோல் போட்டவரானார் சார்லஸ். யுவென்டஸ் பட்டம் வென்றது. ஒரு பந்தயத்தில், தம்மோடு மோதி எதிராளி கீழே விழுந்து விட்டான் என்று தெரிந்ததும், கோல் கண்ணெதிரே திறந்து கிடக்க, பந்தை வெளியே உதைத்து விட்டு அவனைத் தூக்கப் போனார் என்று சொல்வார்கள். 'நல்ல அரக்கன்' என்று டூரின் ஜனங்கள் அவருக்குச் செல்லப் பெயர் வைத்தார்கள். ஐந்து வருஷத்தில் மூன்று முறை லீக் பட்டம், இரண்டு முறை கோப்பை.

இதையெல்லாம் கேள்விப்பட்ட மற்ற ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுடைய சங்கத்துக்கு ஜிம்மி ஹில் என்ற தாடிக்காரர் தலைவராக இருந்தார், அவரும் ஆட்டக்காரர்தான். 1961 ஜனவரி 21-ஆம் தேதி வேலை நிறுத்தம் என்று நாள் குறித்து விட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்னதாகவே முதலாளிகள் பணிந்தார்கள். சம்பள வரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவர் டாமி டிரிண்டர் தொழிலால் ஹாஸ்ய நடிகர். தம் ஆட்டக்காரர் ஜானி ஹேன்ஸ் வாரம் நூறு பவுன் பெறத் தகுந்தவர் என்று முன்பே பேசியிருந்தார். இப்போது பேச்சைக் காப்பாற்றியாக வேண்டியதாயிற்று! மிலான் கிளப் கண் வைத்திருந்த ஹேன்ஸ் அந்த நூறு பவுனோடு ஃபுல்ஹாமிலேயே தங்கினார்.

பதிவுச் சீட்டு என்ற இரண்டாவது விலங்கை உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாஸில் கிளப் அவரை விடுவிக்க மறுத்தது. அவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு, தெற்கே போய்க் கார்க் விற்கும் வேலையில் சேர்ந்தார். கடைசியில் அவரை ஆர்ஸனல் கிளப்புக்கு அனுப்பினார்கள். ஆனாலும் ஈஸ்ட்ஹாம் வழக்கை விடவில்லை. தாம் விடுதலை பெற்ற பிறகும் மற்றவர்களுக்காக நியாயஸ்தலத்துக்குப் போனாரே, அதுதான் அவருடைய பெருமை. ஒருவன் தொழில் செய்வதை இப்படித் தடுப்பது நியாயமில்லை என்று 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்.

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். வரம்பு ஒழிந்த அதே 1961-இல்தான், பிரிட்டனிலிருந்து நாலு பெரிய ஆட்டக்காரர்கள் இத்தாலிக்குப் போனார்கள். சட்டம் மாறினாலும் எல்லா முதலாளிகளும் டிரிண்டர் ஆகிவிடவில்லை. இத்தாலிப் பணத்தின் கவர்ச்சி குறையவில்லை.

போன நால்வரில் ஜிம்மி கிரீவ்ஸ் முதலிலேயே மனம் மாறியவர். ஒப்பந்தத்திலிருந்து நழுவ வழி தேடினார், கிடைக்கவில்லை. மிலானில் நேரியோ ரோக்கோ என்ற பயிற்சியாளரின் கண்டிப்பு அவருக்கு எட்டிக்காயாய்க் கசந்தது. பந்தயத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்களையெல்லாம் குடும்பத்திலிருந்து பிரித்து, முகாமில் அடைத்து வைப்பது இத்தாலி வழக்கம். எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்பதெல்லாம் பிறர் சொற்படி. கோல் மட்டும் போட்டார், ஒன்பது கோல். ஆனால் டிசம்பருக்குள் லண்டன் திரும்பி விட்டார். லட்சம் பவுன் ஆட்டக்காரன் என்ற பாரம் அவர் தலையில் விழ வேண்டாமென்று, டாட்டன்ஹாம் கிளப் மானேஜர் 99,999 பவுன் கொடுத்து அவரை வாங்கினார்!

டெனிஸ் லா, ஜோ பேக்கர் இருவரும் டூரினில் மற்றொரு கிளப்பான டொரினோவுக்குப் போனார்கள். 1962 பிப்ரவரியில் பேக்கர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாயிற்று. அவர் உயிர் பிழைத்ததே பெரிது. அந்தக் கோடையில் இருவருமே ஊர் திரும்பினார்கள்.

நாலாமவர் ஜெர்ரி ஹிட்சென்ஸ். மற்ற மூவர் அளவுக்குப் புகழ் இல்லாதவர். ஆனால் அவர் ஒருவர்தான் தங்கினார். மிலான், டூரின், பெர்கமோ, கால்யாரி என்று கிளப் மாறி மாறி, 1969 வரை எட்டு வருஷம் இத்தாலியிலேயே ஆடினார். பாஷையைக் கற்றார், ஊரோடு ஒட்டினார். இது எப்படி? ஹிட்சென்ஸ் இளம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பூமிக்கு அடியிலே இருட்டில் உழைத்தவனுக்கு, வெயிலடிக்கும் முகாம் சிறைச்சாலையாகத் தோன்றுமா? கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த ஒரு விவரத்தை விட்டு நகர மனம் வருவதில்லை. ஒரே தேசம், ஒரே சம்பளக் கவர்ச்சி. ஒருவருக்குக் கூண்டு, மற்றவருக்குத் திறந்த வெளி.

பிற்பாடு காற்றுத் திசை மாறிக் கொண்டே இருந்தது. 1966 உலகக் கோப்பையில் வடகொரியாவிடம் தோற்ற அவமானத்தில், அன்னிய ஆட்டக்காரர்களுக்கு இத்தாலி கதவைச் சாத்தியது. 1980-இல் மறுபடியும் திறந்தது. பிளாட்டினி வந்தார்; 1984-இல் நேப்பிள்ஸ் நகரத்துக்கு மாரடோனாவே வந்தார். இங்கிலாந்தோ, 1985-இல் பிரஸ்ஸல்ஸ் மைதானத்தில் 39 பேர் மாண்ட கோரத்துக்குப் பிறகு, ஐரோப்பியப் போட்டிகளிலிருந்தே தள்ளி வைக்கப்பட்டது. அப்புறம் 1992-இல் பிரீமியர் லீக் பிறந்தது. தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. 1995-இல் பாஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவன் கிளப்புக்குக் காசில்லாமலே போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஈஸ்ட்ஹாம் தொடங்கிய வேலை முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு முடிந்தது. 1996-இல் இத்தாலியின் வியாலியும் ஸோலாவும் லண்டன் செல்ஸியில் வந்து சேர்ந்தார்கள். கிரீவ்ஸ் புறப்பட்டுப் போன அதே கிளப்!

கதையைக் கேட்டு முடித்த பையன், "அப்படியானால் நாளைக்கு இங்கிலாந்தை விட்டும் போய்விடுவார்களா மாமா?" என்று கவலையோடு கேட்டான்.

"போனால் போகட்டுமே. போகவும் வரவும் முடிகிறதே, அதற்காக ஒருவர் கார்க் விற்றிருக்கிறார்" என்றேன்.

அவன் எழுந்து போனான். அடுத்த சனிக்கிழமை இரவும் அவன் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது.