கல்லில் பிறந்த மருந்து

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் வீழ்ந்து மணலில் புதையுண்ட அம்மரத்தை, 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அதன் நீளம் சுமார் 18 மீட்டர். அரியலூரிலோ மண்ணைத் தோண்டும் இடமெல்லாம் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லுக்குள் கிளிஞ்சலும் சங்கும். இன்று சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் கொடுக்கும் இந்நிலம் ஒருகாலத்தில் கடலடியாய் இருந்தது. எனவே, கல்லுக்கும் உப்புக்கும் உள்ள உறவை இவ்வட்டாரத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லிலிருந்து பிறந்து, உப்பாகி, மனித மனத்தின் கொந்தளிப்பை அடக்கும் ஒரு மருந்தின் வரலாற்றையே இங்கு எண்ணிப் பார்க்கிறோம். அதன் பெயர் லித்தியம். 1817ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலார் ஆர்ஃப்வெட்சன், ஊட்டோ என்னும் தீவிலிருந்து வந்த ஒரு கனிமத்தை ஆராய்ந்தபோது இப்புதிய தனிமத்தைக் கண்டார். கிரேக்க மொழியில் 'லித்தோஸ்' என்றால் கல். கல்லில் கிடைத்ததால் அப்பெயர். நம் கைப்பேசியின் மின்கலத்தில் இருப்பதும் இதே தனிமம்தான். இதன் கார்பனேட் உப்பே இருமுனை மனநோய்க்கு மாத்திரையாகத் தரப்படுகிறது.

இருமுனை மனநோய் என்பது என்ன? சில வாரங்கள் உறக்கமே தேவையற்ற உற்சாகம், ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, தானே பெரியவன் என்னும் எண்ணம், எதிர்ப்போர்மீது கடுஞ்சினம். பின்னொரு காலத்தில் படுக்கையை விட்டு எழவும் இயலாத சோர்வு, குற்ற உணர்வு, வாழ்வே வேண்டாம் என்னும் நினைவு. இவ்விரு முனைகளுக்கும் இடையே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், முழு நலம். இந்த இடைவெளிதான் குடும்பத்தாரைக் குழப்புகிறது. நன்றாக இருந்தவன் திடீரென மாறினால், "காற்றுக் கருப்பு அண்டிவிட்டது", "செய்வினை" என்கிறோம். சோர்ந்து கிடந்தால், "சோம்பேறி", "விசுவாசம் இல்லாதவன்" என்கிறோம். நோய் என்று சொல்வதற்கு மட்டும் நமக்கு நெடுங்காலம் பிடித்தது.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியை நாம் அறிவோம். தமிழுக்குத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் அடைக்கல அன்னையின் பெயரால் ஆலயம் எழுப்பிய திருக்காவலூர் அது. அரியலூர்ப் பாளையக்காரரை வருத்திய இராஜபிளவை என்னும் கட்டிக்கு முனிவர் அவ்விடத்து மண்ணைப் பூசி, அன்னையிடம் மன்றாடிக் குணம் பெறச் செய்தார் என்றும், அந்த நன்றிக்குப் பாளையக்காரர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்றும் தலமரபு கூறுகிறது. இம்மரபில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முனிவர் வேண்டுதலோடு நின்றுவிடவில்லை. புண்ணில் மருந்தும் இட்டார். மண்ணும் மன்றாட்டும் ஒரே கையிலிருந்து வந்தன.

'அடைக்கலம்' என்ற அதே பொருளுடைய சொல்லைத்தான் ஐரோப்பியர் மனநோயாளர் இல்லங்களுக்குச் சூட்டினர். 'அசைலம்' என்பதன் பொருள் புகலிடம். சென்னையில் அத்தகைய இல்லம் ஒன்று 1794இல் தொடங்கப்பட்டது. 1871இல் அரசு இல்லம் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. ஆனால் உலகெங்கும் அந்தப் புகலிடங்கள் விரைவிலேயே பூட்டிய வாயில்களாக மாறின. கட்டி வைப்பதும் அடைத்து வைப்பதும் தவிர மருத்துவர்களிடம் வேறு வழி அதிகம் இல்லை. இதற்கு வெகு முன்பே, 16ஆம் நூற்றாண்டில், கிரனாடா நகரத்து மருத்துவமனையில் பித்தர் என்று அடைக்கப்பட்டுச் சாட்டையடி பெற்ற ஒருவர், வெளியே வந்ததும் நோயாளரை மனிதராய் நடத்தும் மருத்துவமனை ஒன்றைத் தாமே தொடங்கினார். 1550இல் மறைந்த அவரைத்தான் புனித இறை யோவான் என்று திருச்சபை வணங்குகிறது. நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராகத் திருச்சபை வைத்திருப்பவர், மனநோயாளர் கூடத்தில் அடிபட்ட ஒருவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

லித்தியத்தின் கதைக்கு வருவோம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தபோது சிறைப்பட்டவர்களுள் ஜான் கெய்ட் என்னும் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஒருவர். நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அதே ஆண்டுகளில், அவர் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் கைதியாய் இருந்தார். விடுதலை பெற்று ஊர் திரும்பிய அவர், மெல்போர்ன் நகரை அடுத்த பண்டூரா மனநல மருத்துவமனையில், பயன்படாமல் கிடந்த சமையற்பொருள் அறை ஒன்றைத் தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். மனநோய்க்கு உடலில் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கினிப்பன்றிகளுக்கு லித்திய உப்பைச் செலுத்தியபோது அவை அமைதியாகக் கிடந்தன. அதன்பின் தாமே அதை உட்கொண்டு பார்த்து, பிறகே நோயாளருக்குத் தந்தார்.

முதல் நோயாளி 51 வயதினர். ஐந்தாண்டுகளாகக் கட்டுக்கடங்காத மன எழுச்சியோடு மருத்துவமனையில் இருந்தவர். 1948 மார்ச் 29இல் மருந்து தொடங்கியது. சில வாரங்களில் அமைதி வந்தது. ஜூலையில் வீடு திரும்பினார். பழைய வேலையிலும் சேர்ந்தார். 1949 செப்டம்பரில் கெய்ட் தம் கட்டுரையை வெளியிட்டார். மன எழுச்சியுற்ற பத்துப் பேரிடமும் பலன் தெரிந்ததாக அது கூறியது.

கதை இங்கே முடிந்திருந்தால் இது ஓர் அற்புதச் செய்தியாகவே நின்றிருக்கும். ஆனால் அந்த முதல் நோயாளி, நலமாய் இருக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தினார். ஆறு மாதத்திற்குள் நோய் திரும்பியது. மீண்டும் மருந்து தரப்பட்டது. இம்முறை உடலில் மருந்து மிகுந்து நஞ்சாயிற்று. 1950இல் அவர் இறந்தார். மனம் நொந்த கெய்ட், தம் மருத்துவமனையில் அம்மருந்தையே நிறுத்திவிட்டார். நிறுத்தியபோது நோய் வென்றது. மிகுந்தபோது மருந்தே கொன்றது. லித்தியத்தோடு வாழும் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய இரண்டு பாடங்களையும் அந்த ஒரு மனிதரின் வாழ்வு எழுதிவைத்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இம்மருந்துக்கு அப்படியே பொருந்தும்.

அந்த அளவைக் கண்டுகொள்ள வழி செய்தவர்கள் மெல்போர்னில் இருந்த டிராட்னரும் அவருடைய துணைவர்களும். இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்து மருந்து கொடுத்தால் ஆபத்தைத் தவிர்க்கலாம் என்று 1950களின் தொடக்கத்தில் அவர்கள் காட்டினர். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ என்னும் மருத்துவர் 1954இல் முறையான ஆய்வை வெளியிட்டார். அவருக்கு இது வெறும் ஆய்வுப் பொருளன்று. அவருடைய தம்பியே திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வால் வாடியவர். 1970இல் ஷூவும் பாஸ்ட்ரப்பும் வெளியிட்ட ஆய்வில், மருந்தால் நலமாயிருந்த 84 பெண்களுள் 45 பேருக்கு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தனர். 39 பேருக்கு அவர்கள் அறியாமல் வெறும் மாத்திரை கொடுத்தனர். ஐந்து மாதத்திற்குள் வெறும் மாத்திரை பெற்றவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் பெற்றவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதே 1970இல் அமெரிக்க அரசும் இம்மருந்துக்கு இசைவு தந்தது.

நம் பகுதிக்கு இந்த நலம் எப்படி வந்தது? 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. மறு ஆண்டு இந்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. கீழ்ப்பாக்கத்திற்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிராமல், உள்ளூர் மருத்துவமனையிலேயே மனநோய்க்கு மருந்து தரலாம் என்னும் எண்ணம் அப்போதுதான் நம் வாசலுக்கு வந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் முதன்முறை பிரிந்தது 2001இல். அடுத்த ஆண்டு மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. இன்று அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு.

அந்த 2001ஆம் ஆண்டு மறக்கத்தக்கதன்று. ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதை ஒரு மதத்தாரின் பிழை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. குணசீலம் கோவிலுக்கும், புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலத்திற்கும், ஏர்வாடி தர்காவுக்கும் போகிற குடும்பங்கள் ஒரே துயரத்தைச் சுமந்தே போகின்றன. பின்னாளில் ஏர்வாடியிலேயே மருந்தும் மன்றாட்டும் சேர்ந்து கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது.

இனி, இம்மருந்தோடு வாழ்வது எப்படி? சிறுநீரகம் லித்தியத்தையும் சமையல் உப்பையும் ஏறக்குறைய ஒரே விதமாக நடத்துகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை நலம் தரும் அளவு, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகியது. ஆகையால் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது; தைராய்டையும் சிறுநீரகத்தையும் கூட அவ்வப்போது சோதிக்க வேண்டும். தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் லேசான கைநடுக்கமும் பலருக்கு உண்டு. தாய்மையை எதிர்நோக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

இங்கேதான் நம் வாழ்க்கைமுறை குறுக்கிடுகிறது. கத்திரி வெயிலில் கல் குவாரியிலும் முந்திரித் தோப்பிலும் வியர்வை சிந்துபவர், ஆகஸ்ட் இறுதியில் காவியுடுத்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர், தவக்காலத்தில் நீரும் அருந்தாமல் நோன்பிருப்பவர், இரத்த அழுத்தத்திற்காகத் திடீரென உப்பை நிறுத்துபவர் ஆகிய அனைவரும் லித்தியம் உட்கொள்பவராயின் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். நடந்து வலித்த காலுக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, பெரிதாகும் நடுக்கம் ஆகியவை கண்டால், குடித்திருக்கிறான் என்றோ பேய் என்றோ எண்ணிக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நோயாளரை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் நெடுநாள் வழக்கம். அதைப் பங்குத்தந்தையரும் அன்பியத் தலைவர்களும் பெயர் சுட்டாமல், எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி வைப்பது நல்லது. சொல்ல வெட்கப்படும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

"செபித்தோம், குணமாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு? மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா?" என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. அன்போடு கேட்கப்படும் இக்கேள்விதான் பல வீடுகளில் நோயைத் திரும்பக் கூட்டி வருகிறது. மருத்துவரை மதிக்கவும், மண்ணிலிருந்து ஆண்டவர் உண்டாக்கிய மருந்தை அறிவுடையவர் வெறுக்கலாகாது என்றும் சீராக்கின் நூல் கற்பிப்பதை நாம் அறிவோம். சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மருந்து உண்பவரிடம் நாம் விசுவாசத்தைச் சோதிப்பதில்லை. மனத்திற்கு மருந்து உண்பவரிடம் மட்டும் ஏன் அந்தச் சோதனை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நோய் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளத் தூண்டும் நோய். அந்த ஆபத்தை லித்தியம் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இழந்துவிட்ட குடும்பங்களோ ஒருவகைத் தீட்டைச் சுமந்து வாழ்கின்றன. தன்னுயிரை மாய்த்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த காலம் இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்த மறுப்பு இல்லை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, கடும் மனக்கலக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப்பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் மகனைப் புதைத்த தாய் ஒருத்தி நம் பங்கிலும் இருந்தால், இச்செய்தி அவளுக்குச் சேர்ந்திருக்கிறதா? வாழ்வே வேண்டாம் என்று எண்ணுவோர் யாரேனும் இருந்தால், 14416 என்னும் அரசின் இலவச மனநல எண்ணில் எந்நேரமும் பேசலாம் என்பதையும் நாம் சொல்லிவைக்க வேண்டும்.

ஏலாக்குறிச்சிக்குச் செல்லும் நாம் அடைக்கல அன்னையின் முன் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அடுத்த முறை செல்லும்போது, வீட்டின் பின்கட்டில் மறைத்து வைத்திருக்கும் அண்ணனையோ அக்காளையோ உடன் அழைத்துச் செல்வோம். பையில் தண்ணீரும் எடுத்துக்கொள்வோம்; மாத்திரையையும் மறவாமல் எடுத்துக்கொள்வோம்.